பழைய குழாய் வேலையின் நியாயம்

புது வீடு கட்டுகிறவர்களிடத்திலும், அவர்களுக்குக் கட்டிக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர்களிடத்திலும், மின்சாரக் குழாய் பதிக்கும் விஷயத்தில் இன்று ஓர் அபிப்பிராயம் கேள்வியின்றி நிலைபெற்றிருக்கிறது. சுவரை முதலில் முழுமையாக எழுப்பிவிட வேண்டும். பிறகு, எங்கே விளக்கு, எங்கே மின்விசிறி, எங்கே பிளக் என்று தீர்மானித்துக்கொண்டு, கட்டிங் மிஷினால் சுவரைக் கீறி, உளியால் கொத்தி, அந்தக் காடிக்குள் பி.வி.சி. குழாயை அழுத்தி, கலவையால் மூடி, மேலே பூசி, பட்டி பார்த்து, வர்ணம் அடித்துவிட்டால் காரியம் முடிந்தது என்பதே அந்த அபிப்பிராயம். செங்கல் வேலை நடக்கும்போதே காடி விட்டுக் கட்டுவதும், குழாய்ப் பாதைக்கென்று தனி வரைபடம் போடுவதும், திறந்து பார்க்கக்கூடிய பெட்டிகளை இடையிடையே வைப்பதும், தேவையான இடங்களில் சுவருக்கு வெளியே தெரியும்படி சாடில் அடித்துக் குழாய் ஓட்டுவதும், இயந்திரமும் நல்ல சாமானும் கிடைக்காத காலத்து ஏற்பாடுகள் என்றும், வசதி வந்தபின் அவற்றைப் பிடித்துக்கொண்டிருப்பது பழமைப் பித்து என்றும் சொல்லப்படுகிறது. இந்த அபிப்பிராயம் தவறானது என்பதும், வீட்டுக்கும் அதில் வாழ்வோருக்கும் அதைக் கட்டும் தொழிலாளிக்கும் இதனால் தீங்கு விளைகிறது என்பதும் என் திடமான முடிவு. அதற்கான நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

பழைய முறைகள் அனைத்தையும் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது என் வாதமன்று. மரக் கேசிங்கில் கம்பியை வைத்து மேலே மூடி அடித்த காலம் ஒன்று இருந்தது. கரையானும் ஈரமும் அதற்குச் சத்துருக்களாயின, தீப்பற்றினால் மரமே விறகாயிற்று. அதற்குப் பின் வந்த தேக்குப் பட்டைமேல் லிங்க் கிளிப் அடித்து ஒயர் ஓட்டும் முறை, கைதேர்ந்த ஒயர்மேன் செய்தால் பார்வைக்கும் நேர்த்தியாகவே இருந்தது. ஆனால் கம்பிக்கு மேலே கவசமில்லாததால் இடிபாட்டுக்கும் எலிப்பல்லுக்கும் அது இலக்காயிற்று. இரும்புக் குழாய் கவசத்தில் குறைவற்றது. எனினும் கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றில் அது துருப்பிடித்தது, கனமாக இருந்தது, ஒவ்வொரு இணைப்புக்கும் மரை வெட்டும் உழைப்பைக் கேட்டது. பி.வி.சி. குழாய் வந்து இந்தக் குறைகளை நீக்கியது நன்மையே. ஆகவே சாமான் மாறியதைப் பற்றி எனக்கு ஆட்சேபம் ஏதுமில்லை. சாமானை மாற்றும் சாக்கில், அந்தச் சாமானை எதற்காகப் பதிக்கிறோம் என்ற காரணத்தையே கைவிட்டுவிட்டோம் என்பதுதான் என் குறை.

அந்தக் காரணம் யாது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், வீட்டுக்குள் மின்சாரம் நுழைந்த முதற் காலத்தில், கம்பியை நேரே பூச்சுக்குள் புதைத்துவிடுவதும் உண்டு. அப்படிப் புதைத்த கம்பியின் உறை கெட்டபோது சுவரை இடிப்பதைத் தவிர வேறு மார்க்கமில்லை என்பதை அனுபவத்தில் கண்ட பிறகே, கம்பிக்கென்று ஒரு வெற்றுப் பாதையைச் சுவரில் முதலில் அமைத்துவிட்டு, கட்டட வேலையெல்லாம் முடிந்தபின் கம்பியை அதனுள் இழுத்துக்கொள்ளும் யுக்தி பிறந்தது. எடிசனோடு பணியாற்றிய சிக்மண்ட் பெர்க்மன் என்பவரின் பெயரால் ஜெர்மனியில் வழங்கிய குழாய், பதப்படுத்திய காகிதத்தால் செய்து மெல்லிய தகட்டால் சுற்றப்பட்ட ஒன்று. அதற்குப் பின் இரும்பு வந்தது, அதற்கும் பின் பிளாஸ்டிக் வந்தது. காகிதமோ, இரும்போ, பிளாஸ்டிக்கோ, எதுவாயினும் அதன் உத்தேசம் ஒன்றே: சுவரையும் பூச்சையும் தொடாமல், என்றைக்கு வேண்டுமானாலும் உள்ளே இருக்கும் கம்பியை வெளியே எடுத்து, வேறு கம்பியை உள்ளே செலுத்தக்கூடிய நிலை. கம்பியைக் கண்ணுக்கு மறைப்பது குழாயின் உபபலன். கம்பியை மாற்றத்தக்கதாக வைப்பதே அதன் பிரதான தர்மம். இந்த ஓர் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், பழைய முறையின் ஒவ்வொரு விதியும் எதற்காக ஏற்பட்டது என்பதும், இன்றைய முறை எங்கே தவறுகிறது என்பதும் தெளிவாகும்.

பழைய ஒயர்மேனின் வேலையைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். இரும்புக் குழாயை ஹாக்ஸா பிளேடால் அறுத்து, வைஸில் பிடித்து, எண்ணெய் விட்டுக்கொண்டே டையைச் சுழற்றி மரை வெட்டியபின், அவர் செய்யும் அடுத்த காரியம் குழாயின் வாயை ரீமரால் உட்புறம் மழுங்கச் சீவுவது. அறுத்த வாயில் நிற்கும் பிசிர், கம்பியை இழுக்கும்போது அதன் உறையைக் கீறிவிடும் என்பதால், விரலை உள்ளே விட்டுச் சுற்றிப் பார்த்து, எங்கும் உரசவில்லை என்று தெரிந்த பிறகே அந்தத் துண்டைக் கீழே வைப்பார். பெட்டிக்குள் குழாய் நுழையும் இடத்தில் புஷ் போடுவதும் அதே காரணத்தால்தான். வளைவு என்றால் விட்டம் நசுங்காமல் மெல்ல வளைப்பார். ஐ.எஸ். 732 என்னும் இந்திய ஒயரிங் விதித்தொகுப்பின் பழைய பதிப்புகள் வளைவின் ஆரம் 7.5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது என்றும், ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் இடையே நான்கு கால்வட்ட வளைவுகளுக்கு மேல் இருக்கலாகாது என்றும் கட்டளையிட்டதன் தாற்பரியம், அதற்கு மேல் வளைந்தால் கம்பி இழுபடாது என்பதே. பூச்சு முழுவதும் முடிந்து, சுவர் உலர்ந்த பின்னரே கம்பி உள்ளே போகும். ஒருவர் ஒரு பெட்டியருகே நின்று கம்பிகளை முறுக்கின்றி வரிசைப்படுத்தி ஊட்ட, மற்றொருவர் அடுத்த பெட்டியருகே நின்று இழுப்பார். இழுக்கும் கை, குழாயின் குற்றங்குறைகளையெல்லாம் அந்தக் கணத்திலேயே கண்டுபிடித்துவிடும். இவ்வாறு இழுத்துப் போடப்பட்ட கம்பி மறுபடியும் இழுத்து எடுக்கத்தக்கது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

இனி, எதிர்த்தரப்பின் வாதங்களுக்கு வருகிறேன். அவர்களுடைய முதல் வாதம் வேகம். இயந்திரம் சில நிமிஷத்தில் கீறிவிடும் காடியைக் கொத்தனார் செங்கல் செங்கலாக விட்டுக் கட்டுவதற்கு நேரமாகிறது என்கிறார்கள். இயந்திரம் கீறும் நேரத்தை மட்டும் கணக்கிட்டால் அது மெய்தான். ஆனால் இயந்திரம் இரண்டு கோடுகளை மட்டுமே கீறுகிறது. அவற்றினிடையே உள்ள செங்கல்லை உளியும் சுத்தியலும்தான் பெயர்க்கின்றன. ஈரம் உலராத புதுச் சுவரில், கலவை இறுகுவதற்குள் விழும் அந்த அடிகளின் அதிர்ச்சி, காடியோடு நிற்பதில்லை. பக்கத்துக் கற்களின் பிடிப்பையும் தளர்த்துகிறது. பெயர்த்த இடிபாட்டை அள்ளிக் கொட்ட ஆள் வேண்டும். காடியை நிரப்பக் கொத்தனார் மறுபடியும் வரவேண்டும். நிரப்பியது சுருங்கி, குழாய் போன வழியெல்லாம் பூச்சில் நெடுங்கோடாக வெடிப்பு விழுந்தபின், பட்டிக்காரரும் வர்ணக்காரரும் மறுபடி வரவேண்டும். ஒரு தடவை கட்டி, அதில் ஒரு பகுதியை உடைத்து, உடைத்ததை மறுபடி கட்டுகிற முறையை வேகம் என்று அழைப்பது காலக்கணக்கில் செய்யும் பிழை.

கூரைத் தளத்தில் இவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைக் கவனித்தால், இந்த வாதத்தின் பலவீனம் இன்னும் தெளிவாகும். தளம் போட்டபின் காங்கிரீட்டைக் கீறிக் குழாய் பதிக்கலாம் என்று எவரும் துணிவதில்லை. சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி முடிந்ததும், ஒயர்மேன் வந்து, மின்விசிறிப் பெட்டிகளை இடம் பார்த்து வைத்து, அவற்றின் வாயைக் காகிதத்தாலோ மணலாலோ அடைத்து, குழாய்களைப் பைண்டிங் கம்பியால் இரும்புக் கம்பியோடு கட்டி, இணைப்புகளுக்குச் சொலூஷன் தடவி இறுக்குகிறார். விவரமறிந்தவராயின், காங்கிரீட் கொட்டும் நேரம் முழுவதும் அங்கேயே நிற்கிறார். தொழிலாளர் கால்பட்டும் வைப்ரேட்டர் பட்டும் ஓர் இணைப்பு விட்டால், சிமென்ட்டுப் பால் உள்ளே புகுந்து உறைந்து அந்தப் பாதையை நிரந்தரமாக அடைத்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். முன்யோசனை, வரைபடம், சிரத்தையான மேற்பார்வை ஆகிய பழைய ஒழுங்குகள் யாவும் கூரையில் இன்றும் ஜீவனோடு இருக்கின்றன. காரணம், அங்கே உடைத்துத் திருத்த வழியில்லை. கூரைக்கு எந்த நியாயத்தை ஒப்புக்கொள்கிறார்களோ, அதே நியாயத்தைச் சுவருக்கு மட்டும் மறுப்பதற்கு, செங்கல் உடைக்க எளிது என்பதைத் தவிர வேறு ஆதாரம் என்ன இருக்கிறது?

செங்கல் உடைக்க எளிது என்பதே அதை உடைக்கக் கூடாது என்பதற்கும் காரணம். செங்கற் சுவர் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 1905-இன் 1987-ஆம் ஆண்டுப் பதிப்பு, செங்குத்தான காடியின் ஆழம் சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கையும், கிடையான காடியின் ஆழம் ஆறில் ஒரு பங்கையும் மீறக் கூடாது என்கிறது. கிடைக் காடியைக் கூடியமட்டும் தவிர்க்கச் சொல்கிறது. சுமை தாங்கும் அரைக்கல் சுவரில் காடியே கூடாது என்று விலக்குகிறது. 230 மி.மீ. கனமுள்ள ஒன்பது இஞ்சுச் சுவரில் கிடைக் காடிக்குக் கிடைக்கும் ஆழம் 38 மி.மீ. நாலரை இஞ்சுச் சுவரிலோ, அதே கணக்குப்படி, 19 மி.மீ. மட்டுமே, 20 மி.மீ. குழாய் ஒன்றுகூட அதில் அடங்காது. ஆயினும், நம் வீடுகளில் அறைகளைப் பிரிப்பவை பெரும்பாலும் நாலரை இஞ்சுச் சுவர்களே. அவற்றில் மூன்று நான்கு குழாய்களை அடுக்கிக் கிடையாகவும் குறுக்காகவும் புதைப்பதும், ஸ்விட்ச் பெட்டிக்காகக் கொத்தும்போது மறுபக்கத்துப் பூச்சு பெயர்ந்து விழுவதும் பிரத்தியட்சமாக நடக்கின்றன.

இதற்கு ஒரு சமாதானம் சொல்லப்படுவதுண்டு. இக்காலத்தில் தூணும் உத்தரமுமே பாரத்தைத் தாங்குகின்றன. சுவர் வெறும் மறைப்பு. ஆகவே அதை எப்படி வெட்டினாலும் பாதகமில்லை என்பார்கள். பாரம் தாங்காத சுவருக்கும் தன் சொந்த எடை உண்டு. கதவு அடித்துச் சாத்தப்படும் அதிர்ச்சியையும், அலமாரியின் தொங்கு பாரத்தையும் அது ஏற்றாக வேண்டும். அதைவிட முக்கியமானது, உளியும் இயந்திரமும் சுவரோடு நிற்பதில்லை என்பது. ஸ்விட்ச் பெட்டி தூணில் அமைய நேர்ந்தால் தூணையும், குழாய் இறங்கும் வழியில் உத்தரம் குறுக்கிட்டால் உத்தரத்தையும் அதே கை கீறுகிறது. தூணின் இரும்புக் கம்பிக்கு மேலே குறைந்தபட்சம் 40 மி.மீ. காங்கிரீட் போர்வை இருக்க வேண்டும் என்று காங்கிரீட் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 456 விதிப்பது அலங்காரத்துக்காக அன்று. காற்றும் ஈரமும் கடலோர உப்பும் கம்பியை எட்டாமல் காப்பதற்காக. அந்தப் போர்வையைக் கீறிக் குழாயைப் பதித்து, சாதாரணக் கலவையால் மூடிவிட்டால், துரு தொடங்குவதற்கு நாமே வாசல் திறந்து வைத்தவர்களாகிறோம். குழாய் இறங்க வேண்டிய இடத்தை வரைபடத்தில் முன்கூட்டியே குறித்திருந்தால், அந்தக் கீறலுக்கு அவசியமே நேர்ந்திராது.

தொழிலாளியின் தேகத்தைப் பற்றி இந்த வாதங்களில் யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு மிகுந்த மனவருத்தம் தருகிறது. மூடிய அறைக்குள், தண்ணீரும் தூசி உறிஞ்சும் கருவியுமின்றி, செங்கல்லையும் காங்கிரீட்டையும் கீறும்போது எழுகிற புழுதி மண்டலத்தில் கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் துகள் கலந்திருக்கிறது. அது நுரையீரலில் படிந்து உண்டாக்கும் சிலிக்கோசிஸ் என்னும் நோய்க்குக் குணப்படுத்தும் மருந்து இல்லை. மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, தலையும் புருவமும் வெளுக்க, நாளெல்லாம் அந்தப் புழுதியில் நிற்கும் இளைஞன், வீட்டுக்காரர் சௌகரியமாகத் தாமதித்துத் தீர்மானித்ததற்கான விலையைத் தன் சுவாசத்தால் கொடுக்கிறான். காடி விட்டுக் கட்டிய சுவரில் இந்தப் புழுதிக்கு இடமேயில்லை. வேறு எந்த நியாயமும் இல்லாவிட்டாலும், இந்த ஒன்றே பழைய முறையை ஆதரிக்கப் போதுமானது.

இரண்டாவது வாதம் சுதந்திரத்தைப் பற்றியது. சுவர் எழும்பிய பிறகு அறைக்குள் நின்று பார்த்தால்தான், கட்டில் எங்கே வரும், தொலைக்காட்சி எங்கே வரும் என்பது புலனாகிறது. வரைபடத்தைப் பார்த்து முன்கூட்டியே தீர்மானிக்கச் சொல்வது சாமானியக் குடும்பத்தாருக்குக் கஷ்டம் என்கிறார்கள். இதில் உண்மையின் அம்சம் உண்டு. ஆனால் இந்தச் சுதந்திரம் எத்தனை நாளைக்கு? பூச்சு மூடும் நாள்வரைக்குமே. அதன் பிறகு அந்த வீட்டில் ஐம்பது ஆண்டுகள் வாழப்போகிறவர்கள், அந்தச் சில வாரங்களில் எடுத்த முடிவுக்குக் கட்டுப்பட்டுக் கிடக்க வேண்டும். நாளடைவில் கட்டில் இடம் மாறும். குழந்தைகளின் அறை முதியோரின் அறையாகும். இன்று பெயர் தெரியாத கருவி நாளை வந்து சேரும். பழைய முறையின் சுதந்திரம் வேறு வகையானது. ஒவ்வொரு அறைக்கும் ஓர் இணைப்புப் பெட்டி, அதிலிருந்து நேர்க்கோட்டில் இறங்கும் தாராளமான விட்டமுள்ள குழாய், உள்ளே ஒரு ஜி.ஐ. கம்பியை மட்டும் விட்டு வைத்த ஓரிரு வெற்றுக் குழாய்கள் என்று அமைத்துவிட்டால், எந்தக் காலத்திலும் புதிய கம்பியை இழுத்துக்கொள்ளலாம். முதல் மாதத்துச் சௌகரியத்தையும் ஐம்பதாண்டுச் சௌகரியத்தையும் தராசில் வைத்தால், எது கனக்கும் என்பதை வாசகர்களே நிர்ணயிக்கலாம்.

இதனோடு நெருங்கிய இன்னொரு விஷயம் குழாய் செல்லும் திசை. பழைய ஒழுங்கில் குழாய் பெட்டிக்கு நேர் மேலாகவோ நேர் கீழாகவோ மட்டுமே சுவரில் ஓடும். குறுக்கே போக நேர்ந்தால் கூரையை ஒட்டிய மட்டத்தில் போகும். பிரிட்டிஷ் ஒயரிங் விதிகள், புதைந்த கம்பி பிளக்குக்கும் ஸ்விட்சுக்கும் நேர்க்கோட்டிலோ, சுவரின் மேல் விளிம்பிலிருந்தும் மூலைகளிலிருந்தும் 150 மி.மீ. அகலத்துக்குள்ளோ செல்வதைப் பாதுகாப்பான வழியாகக் கொண்டிருப்பது இதே சித்தாந்தத்தின்மேல்தான். அந்த ஒழுங்கு இருந்தால், வரைபடமே கையில் இல்லாத பிற்காலத்தவரும், ஸ்விட்சைப் பார்த்த மாத்திரத்தில் கம்பி எங்கே ஓடுகிறது என்று ஊகித்துவிடலாம். இன்றோ, ஒரு முழக் குழாயை மிச்சப்படுத்துவதற்காக, மூலைக்கு மூலை சாய்வாகக் கீறுகிறார்கள். அந்தச் சாய்கோடு பூச்சுக்குள் மறைந்த பிறகு, சுவாமி படத்துக்கு ஆணி அடிக்கும் இல்லத்தரசி எந்த இடத்தில் சுத்தியலை ஓங்குகிறார் என்பது அவருக்கும் தெரியாது, குழாயைப் பதித்தவருக்கும் நினைவிராது. இரும்புக் குழாயாயிருந்தால் ஆணியைத் தடுத்திருக்கும்; பிளாஸ்டிக் குழாய் தடுக்காது. ஆகவே பிளாஸ்டிக்கைக் கையாளும் இக்காலத்துக்கு நேர்க்கோட்டு ஒழுங்கு முன்னைவிட அதிக அவசியமே தவிர, குறைந்த அவசியமன்று.

மூன்றாவது வாதம் அழகு. இணைப்புப் பெட்டிகளின் மூடிகள் சுவரில் ஆங்காங்கே தெரிவது விகாரம் என்று கருதி, அவற்றையும் பூச்சுக்குள் மூடிவிடச் சொல்கிறார்கள். சிலர், பெட்டியே வைக்காமல் வளைவுக்குமேல் வளைவாகப் போட்டு முடித்துவிடுகிறார்கள். பெட்டி மூடப்பட்ட அன்றே குழாயின் தர்மம் முடிந்துவிடுகிறது. இழுக்கும் இடம் எதுவென்று தெரியாத குழாயில் கம்பி மாட்டிக்கொண்டால், மீண்டும் உளிதான் கதி. மழைக்காலத்தில் எங்கோ ஓர் இணைப்பில் ஈரம் கசிந்து, 30 மில்லியாம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. திரும்பத் திரும்ப விழும்போது, குற்றம் எந்தக் கம்பியில் என்று பிரித்துப் பார்ப்பதற்கு ஒயர்மேனுக்கு ஒரு பெட்டியும் கிடைக்காத அவஸ்தையை இன்று வீடுதோறும் காணலாம். அப்பொழுது அவர் செய்வது என்ன? அந்தக் காப்புக் கருவியையே இணைப்பிலிருந்து விலக்கிவிட்டுப் போய்விடுகிறார். அழகுக்காக மறைத்த பெட்டி, உயிர்காக்கும் கருவிக்கே உலை வைக்கிறது.

அந்த அழகுதான் நிலைக்கிறதா என்றால், அதுவும் இல்லை. எல்லாவற்றையும் சுவருக்குள் மறைத்துக் கட்டிய வீடுகளுக்குச் சில ஆண்டுகள் கழித்துச் சென்று பாருங்கள். குளிர்சாதனத்துக்கு ஒரு கம்பி, இன்வெர்ட்டருக்கு ஒரு கம்பி, இணையத்துக்கு ஒரு கேபிள், வாசலில் கண்காணிப்புக் காமிராவுக்கு மற்றொன்று என்று, வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டைகள் கதவு நிலையைச் சுற்றியும் சுவரின் நடுவிலும் ஒட்டப்பட்டிருக்கும். உள்ளே புதைந்த குழாய்களில் இடமில்லை, இருந்தாலும் எட்ட வழியில்லை. ஒன்றும் வெளியே தெரியக் கூடாது என்று தொடங்கிய வீடு, ஒழுங்கின்றி எல்லாம் வெளியே தெரியும் வீடாக முடிகிறது. இதைக் காட்டிலும், உத்தர மட்டத்தில் வரிசையாக, சுவரின் வர்ணமே பூசிய சின்ன மூடிகள் கண்ணை உறுத்துமா? பள்ளிக்கூடம், தொழிற்சாலை, பண்டகசாலை போன்ற இடங்களில், சம இடைவெளியில் சாடில் அடித்து, தூக்குக்குண்டு பிடித்தாற்போல் நேராக இறங்கும் வெளிக்குழாய் விகாரமா? செய்நேர்த்தியுள்ள வேலை கண்ணுக்குத் தெரிவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? மறைப்பு என்பது பல சமயங்களில் நேர்த்தியின்மைக்குப் போடும் திரையாகவே ஆகிவிட்டது.

நான்காவது வாதம்தான் எதிர்த்தரப்பின் பலமான ஆயுதம். இக்காலத்து மின்கம்பி உயர்ந்த ரகம், தீயைப் பரவவிடாத உறை கொண்டது, எம்.சி.பி. காவல் இருக்கிறது, ஆகவே கம்பியை மாற்ற வேண்டிய அவசியமே வராது, மாற்றுவதற்கான வசதி வீண் செலவு என்கிறார்கள். சரித்திரம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ரப்பர் உறையிட்ட கம்பியைப் போட்டவர்களும் அதுவே சாசுவதம் என்றுதான் எண்ணினார்கள். சில பத்தாண்டுகளில் அந்த ரப்பர் வறண்டு, தொட்டால் உதிர்ந்தது. செம்புக்குத் தட்டுப்பாடாயிருந்த காலத்தில் வீடுகளுக்குள் அலுமினியம் போட்டார்கள். அது திருகு இணைப்புகளில் தளர்ந்து சூடேறும் சுபாவத்தால் செம்புக்கே மீண்டும் இடம்விட்டது. இரண்டே கம்பியோடு நின்ற இணைப்புகளுக்கு மூன்றாவதாக எர்த் கம்பி அவசியமாயிற்று. இந்த ஒவ்வொரு மாறுதலிலும், இழுக்கத்தக்க குழாய் இருந்த வீட்டில் ஓரிரு நாளில் வேலை முடிந்தது. இல்லாத வீட்டில் சுவர் இடிபட்டது, அல்லது ஆபத்தான பழைய கம்பியே அப்படியே விடப்பட்டது.

கம்பி கெடாவிட்டாலும் பாரம் ஏறுகிறது. 40 வாட் பல்பு ஒன்று 230 வோல்ட்டில் 0.2 ஆம்பியருக்கும் குறைவாகவே இழுக்கும். 2 கிலோவாட் வெந்நீர்க் கலம் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கிறது, 3.3 கிலோவாட்டில் மின்சாரக் கார் ஒன்றுக்கு மின்னேற்றினால் 14 ஆம்பியருக்கு மேல், அதுவும் பல மணி நேரம் தொடர்ச்சியாக. விளக்கும் விசிறியும் மட்டுமே இருந்த நாளில் கட்டப்பட்ட வீடுகள் இந்தப் பாரத்தைக் கனவிலும் எண்ணியதில்லை. சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரி செல்சியஸ் உஷ்ணம் வரைக்குமே உரியது. ஒரே குழாயில் திணித்த கம்பிகள் ஒன்றையொன்று சூடேற்றும்போது, அந்த எல்லை சீக்கிரமே எட்டிவிடும். எம்.சி.பி. கம்பியைக் காக்கும், ஆனால் மெல்லிய கம்பியைத் தடித்த கம்பியாக்கிவிடாது. அதற்குக் கம்பியை மாற்றித்தான் ஆக வேண்டும். இன்று நாம் கட்டும் வீடுகளுக்கு நாளை என்ன பாரம் வரும் என்பதை இன்றே அறிந்தவர் எவருமில்லை. அறியாதபோது வழியை அடைக்காமல் வைப்பதுதான் விவேகம்.

வசதி மிகுந்த தேசங்களில் இந்தப் பழைய முறைகளெல்லாம் ஒழிந்துவிட்டன என்று சொல்வதும் உண்மைக்கு மாறானது. அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் மரச் சட்டங்களுக்கிடையே பிளாஸ்டிக் உறையிட்ட கேபிளை அப்படியே அடித்துவிடும் வழக்கம் இருக்க, சிகாகோ மாநகரமோ குடியிருப்பு வீடுகளுக்குங்கூட உலோகக் குழாயையே தன் விதிகளால் வற்புறுத்தி வந்திருக்கிறது. சாமானுக்கும் இயந்திரத்துக்கும் குறைவில்லாத ஊர் அது. அங்கே குழாயை வளைக்கும் கலை ஒயர்மேனின் தகுதிக்கு அடையாளமாக இன்றும் மதிக்கப்படுகிறது. பழைய முறை ஏழ்மையின் விளைவு என்பவர்கள் இந்த உதாரணத்துக்கு விடை சொல்ல வேண்டும்.

கடைசியாக, செலவு. பழைய முறைக்கு முதலில் அதிகம் செலவாகிறது என்பதை நான் மறுக்கவில்லை. வரைபடம் போட ஒருவருக்கு ஊதியம் தர வேண்டும். ஒயர்மேன் தளம் போடும்போதும், சுவர் எழும்பும்போதும், பூச்சுக்கு முன்பும், பின்பும் எனப் பல முறை வர வேண்டும். கொத்தனார் அரைக்கல்லும் முக்கால் கல்லுமாக உடைத்து வைத்துக் காடி விட்டுக் கட்டப் பொறுமை வேண்டும். பெரிய விட்டக் குழாயும் கூடுதல் பெட்டிகளும் பணம் கேட்கும். ஆனால் இந்தக் கணக்கில் மிச்சம் பிடிப்பவர் யார், பின்னால் கொடுப்பவர் யார் என்று கேட்க வேண்டும். மிச்சம் ஒப்பந்தக்காரருக்கு, சாவியைக் கொடுத்ததோடு அவருடைய சம்பந்தம் தீர்ந்துவிடுகிறது. வெடித்த பூச்சுக்கும், மாற்ற முடியாத கம்பிக்கும், இடித்துச் செய்யும் மராமத்துக்கும் கொடுப்பவர், அந்த வீட்டில் வாழும் குடும்பம். இவ்விருவரும் வெவ்வேறு மனிதர்கள் என்பதனாலேயே, மலிவானது என்ற பொய்க் கணக்கு இவ்வளவு காலம் செல்லுபடியாகி வருகிறது.

ஆகவே, வீடு கட்டுவோர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் சில நிபந்தனைகளை எழுதிச் சேர்க்க வேண்டும். குழாய்ப் பாதையின் வரைபடம் அஸ்திவாரத்துக்கு முன்பே தயாராக வேண்டும், காடிகள் கட்டும்போதே விடப்பட வேண்டும், தூணையும் உத்தரத்தையும் எவரும் கீறலாகாது, சாய்கோடு கூடாது, ஒவ்வொரு பெட்டியும் திறக்கத்தக்கதாக இருக்க வேண்டும், பூச்சு மூடுமுன் ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவை வைத்துப் புகைப்படம் எடுத்து, வரைபடத்தோடு சேர்த்து வீட்டுக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும். இந்தக் கடைசி வசதி பழைய காலத்தவருக்கு இவ்வளவு எளிதாக வாய்த்ததில்லை. புதிய சாதனம் பழைய ஒழுங்குக்கு ஊழியம் செய்வதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பரீட்சை உண்டு. வேலை முழுவதும் முடிந்து, கடைசித் தவணையைக் கொடுக்குமுன், வீட்டுக்காரர் தமக்கு இஷ்டமான ஓர் அறையைச் சுட்டிக்காட்டி, அதன் கம்பிகளில் ஒன்றை முழுவதும் உருவி வெளியே எடுத்து, மறுபடி உள்ளே இழுத்துக் காட்டுமாறு கேட்கட்டும். சுவரில் ஒரு கீறலும் விழாமல் அதைச் செய்து காட்டுகிறவர், எந்தச் சாமானைப் போட்டிருந்தாலும் குழாயின் தர்மத்தை அறிந்தவர். அவருக்குரிய தொகையை மனநிறைவோடு கொடுக்கலாம். செய்து காட்ட இயலாதவர், எத்தனை நவீன இயந்திரங்களைக் கொண்டு வேலை செய்திருந்தாலும், சுவருக்குள் கம்பியைப் புதைத்திருக்கிறாரே தவிர ஒயரிங் செய்யவில்லை. அவருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்க வீட்டுக்காரர் கடமைப்பட்டவரல்லர்.